எட்டடி அடுப்படிக்கு எந்த மைக்ரோவேவ்?

கேள்வி: மலிவு விலை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான். 20 லிட்டர் மைக்ரோவேவ் போதும் என்கிறார் என் கணவர். 25 லிட்டரே வாங்குங்கள் என்கிறாள் நாத்தனார். யார் பேச்சைக் கேட்பது?
- பெம்பான் வாசகி

பதில்: இந்த முறை உங்கள் கணவர் பக்கம்தான் நியாயம், அக்கா. ஆனாலும் கடைசித் தீர்ப்பை உங்கள் சோற்றுத் தட்டிடம் விடுங்கள். 20 லிட்டர் அடுப்பில் சுழலும் கண்ணாடித் தட்டு பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நம் வீட்டு அகலத் தட்டோ நீள டப்பாவோ சுற்றும்போது ஓரம் இடித்தால் நின்றுவிடும். அப்புறம் ஒரு பக்கம் கொதிக்கும், மறுபக்கம் ஐஸ்பெட்டிக் குளிர் அப்படியே இருக்கும். ஜாசினில் கடைக்குப் போகும்போது ஒரு தட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் முன்னாலேயே உள்ளே வைத்துச் சுற்றிப் பாருங்கள். ரவிக்கைத் துணி எடுக்கப் புடவையோடுதானே போகிறோம்!

20 லிட்டர் அடுப்பின் வெளி அளவு சுமார் 45 சென்டிமீட்டர் அகலம், 26 உயரம். இதற்கு மேலே ஒரு சாண் இடமும் பக்கத்தில் நாலு விரல் இடமும் காற்றுக்கு வேண்டும். சரியான கணக்கு கையேட்டில் இருக்கும். நம் வீடுகளில் மேலே சமமாக ஏதாவது தெரிந்தால் உடனே ரொட்டிப் பாக்கெட், மருந்து, கரண்டு பில் எல்லாம் ஏறிவிடும். வேண்டாம். ஐஸ்பெட்டி மேல் வைப்பதும் வேண்டாம். கொதிக்கும் சாம்பாரைக் கண்ணுக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து. நெஞ்சு உயரம்தான் சரி.

கேள்வி: பெட்டியில் 700 வாட் என்று இருக்கிறது. பின்பக்க ஒட்டியில் 1100 வாட் என்கிறது. ஏமாற்றுகிறார்களா?
- மெர்லிமாவ் வாசகர்

பதில்: இரண்டும் உண்மை. 700 சாப்பாட்டுக்குப் போவது, 1100 சுவரிலிருந்து இழுப்பது. சூட்டுக்கு முதல் எண்ணைப் பாருங்கள், ஒயருக்கு இரண்டாவதை. நம் 13 ஆம்பியர் பிளக் 240 வோல்ட்டில் தாங்குவது 3120 வாட். மைக்ரோவேவுக்கு 1100, தண்ணீர் கெட்டிலுக்கு 2200 என்று ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினால் கூட்டிப் பாருங்கள், 3300! பழைய தோட்ட வீடுகளில் ஒயரிங்கும் வயதானது. மைக்ரோவேவை நேராகச் சுவரில் சொருகுங்கள். கெட்டில் ஐந்து நிமிடம் காத்திருக்கட்டும்.

கேள்வி: கதிர் வந்து சாப்பாட்டில் தங்கிவிடும் என்று பாட்டி தொடவே மாட்டேன் என்கிறார்.
- ரிம் வாசகி

பதில்: பாட்டியின் பயத்தைக் கேலி செய்யாதீர்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள்: விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்குகிறதா? இதுவும் அப்படித்தான். வெளியே கசியுமோ என்று பயந்தால், அந்தக் கதிரின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குள் இருக்கும் வலையின் ஓட்டையோ கடுகளவு. இவ்வளவு பெரியது அவ்வளவு சிறியதில் நுழையாது. 1945-இல் அமெரிக்காவில் ரேடார் வேலையில் இருந்த பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் மிட்டாய் உருகியதில் தொடங்கியது மைக்ரோவேவின் கதை. 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், ஏறக்குறைய 340 கிலோ. அது உங்கள் மேசை ஓரத்துக்குச் சுருங்கி வந்திருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

கேள்வி: தோசை, வடை?
- ஜாசின் வாசகர்

பதில்: தோசைக்குக் கல்தான். வடை நமத்துப் போகும். அப்பளம் மட்டும் எண்ணெயே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் பொரிந்துவிடும்.

கேள்வி: காலையில் வாங்கிய நாசி லெமாக்கைப் பொட்டலத்தோடு சூடாக்கலாமா?
- பெம்பான் வாசகர்

பதில்: கூடாது. பொட்டலத்தில் ஒரு ஸ்டேப்ளர் ஊசி இருந்தால் போதும், உள்ளே தீபாவளி. பழுப்புத் தாளின் உட்பக்கம் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு. முட்டையை எடுத்துவிட்டு, சோற்றைப் பீங்கானிலோ கண்ணாடியிலோ மாற்றுங்கள். எவர்சில்வரும் மெலமின் தட்டும் ஆகாது. காலைச் சோறு மாலை வரை மேசையிலேயே இருந்திருந்தால் சூடாக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அதில் ஊறும் சில நச்சு சூட்டுக்கும் அடங்காது.

கேள்வி: படிப்புக்காக மெர்லிமாவில் அறை எடுத்திருக்கிறேன். பழைய மைக்ரோவேவ் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- மாணவர்

பதில்: மூன்றைப் பார், தம்பி. சிரிம் தரச்சான்று ஒட்டி இருக்கிறதா? உள்சுவரில் துரு, கரி இருக்கிறதா? ஒரு கோப்பைத் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் நன்றாகச் சுடுகிறதா? பிறகு கதவைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார். பழுதென்றால் நீயே திருகாணியைக் கழற்றாதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும். கதவு தளர்ந்திருந்தால், சும்மா கொடுத்தாலும் வாங்காதே.