ஒரு ஆளுக்கு ஒரு சட்டம்

பூந்தமல்லியில் பஸ் ஏறிக் கிண்டிக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். போரூர் தாண்டி ராமாபுரம் பக்கம் வந்ததும் வண்டி எதற்காகவாவது நின்றுவிடும். நின்ற பஸ்ஸில் யாராவது ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "இங்கதான் எம்.ஜி.ஆர் தோட்டம். இங்கதான் ராதா சுட்டாரு" என்று வரலாற்று வகுப்பைத் தொடங்குவார். பஸ் கிளம்பும்போது வகுப்பும் முடியும். ஐம்பது வருடத்துக்கு மேல் வேஷம் கட்டிய மனிதர் எம்.ஆர்.ராதா. ஊர் அவரை ஒரு சாயங்காலத்தில் மடித்து வைத்துவிட்டது. துப்பாக்கி இல்லாமலே அவர் சர்க்காரைப் படுத்திய பாட்டை அந்தப் பெரியவரும் சொல்வதில்லை, நடத்துநரும் சொல்வதில்லை.

முன்னெழுத்திலேயே ஊரை வைத்திருந்தவர். மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன், பிறப்பு 1907. கலைத்தாயின் அழைப்பு, முற்பிறவிப் புண்ணியம் என்றெல்லாம் மற்ற நடிகர்களின் சரித்திரம் தொடங்கும். இவருடையது மீன் துண்டில் தொடங்குகிறது. சாப்பாட்டில் இன்னொரு துண்டு கேட்டிருக்கிறான் பையன். அம்மா போடவில்லை. கோபித்துக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனவனைப் பெட்டி தூக்கச் சொன்னார் ஒருவர். அவர் ஆலந்தூரைச் சேர்ந்த நாடகக் கம்பெனிக்காரர் ரங்கசாமி நாயுடு. பெட்டியோடு பையனும் ரயில் ஏறிவிட்டான். பிற்காலத்தில் எழுத்தாளர் விந்தனிடம் ராதாவே சொன்ன கதை இது. அன்றைக்கு அந்த அம்மா தாராளமாகப் பரிமாறியிருந்தால், 1954-ல் சென்னை சட்டசபைக்கு ஒரு வேலை மிச்சமாகியிருக்கும்.

அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனியில் எல்லாம் குரலை வைத்துத்தான். குரல் இனித்தால் ஸ்திரீபார்ட், கணீரென்றால் ராஜபார்ட், மகரக்கட்டு உடைந்தால் வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டும். ராதாவின் தொண்டையோ பிறகு தமிழ்நாடே கேட்டறிந்த தொண்டை. ஒரே வாக்கியத்தில் அடித்தொண்டையில் உறுமித் தொடங்கி, கீச்சுக் குரலில் கெஞ்சி முடியும். அதில் ராமரோ முருகரோ பாடியிருந்தால் பக்தி இயக்கம் அன்றைக்கே பின்வாங்கியிருக்கும். நடிப்போடு கம்பெனியின் லைட் வேலையும் வண்டி ரிப்பேரும் பார்த்தார். 1937-ல் 'ராஜசேகரன்' படம், பிறகு இன்னும் சில. சினிமாவுக்கு அவரையும் அவருக்குச் சினிமாவையும் பிடித்ததாகத் தெரியவில்லை. மேடைக்கே திரும்பிவிட்டார்.

மேடையில்தான் வினை. திருவாரூர் தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்', கலைஞர் எழுதிய 'தூக்குமேடை', லட்சுமிகாந்தன் கொலை வழக்கின் சூடு ஆறுவதற்குள் அதே பெயரில் ஒரு நாடகம் என்று வரிசையாக இறக்கினார். எழுதிய வசனம் ஒன்று இருக்கும். அன்றைய பேப்பரைப் பார்த்துவிட்டு ராதா பேசுவது வேறாக இருக்கும். மந்திரி பேசியது, அரிசி விலை, உள்ளூர்ப் பிரமுகரின் பக்தி எல்லாம் சீனுக்குள் வந்துவிடும். கீழேயிருந்து யாராவது குரல் கொடுத்தால் தொலைந்தார்கள். மற்ற நடிகர்கள் கூட்டத்தின் கேலிக்குப் பயப்பட்டார்கள். இங்கே கூட்டம் நடிகருக்குப் பயந்தது. டிக்கெட் வாங்கித் திட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் மைத்துனனையும் கூட்டிக்கொண்டு வந்தது.

ராமாயணத்தை அவர் கையிலெடுத்தபோது ஊர் இரண்டுபட்டது. விளம்பரத்திலேயே எச்சரிக்கை போட்டார்: மனம் புண்படும் என்று நினைக்கிறவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் தேவையில்லை. இவ்வளவு நேர்மையாக வியாபாரம் செய்த நாடக முதலாளி தமிழ்நாட்டில் இன்னொருவர் இருந்தாரா என்று சந்தேகம். மனம் புண்பட்டே தீருவது என்று முடிவு செய்தவர்கள் முன்வரிசை டிக்கெட்டாகப் பார்த்து வாங்கினார்கள். தடை போட்டால் அதே நாடகத்தை வேறு பெயரில் போடுவார். கைதாவார், வெளியே வருவார், மறுபடி அரிதாரம் பூசுவார்.

வெள்ளைக்காரன் 1876-ல் செய்துவைத்த நாடகத் தடைச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. விக்டோரியா மகாராணியின் சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றப் போதுமாயிருந்த சட்டம், ராதாவிடமிருந்து சென்னை ராஜ்யத்தைக் காப்பாற்றப் போதவில்லை. 1954-ல் புதிதாக ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. அதில் ராதாவின் பெயர் எங்கும் இல்லை. யாருக்காக என்று விளக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே 1954-ல்தான் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 'ரத்தக்கண்ணீர்' படமாக வந்தது. கே.பி.சுந்தராம்பாள் ஒரு படத்துக்கு லட்சம் வாங்கியவர் என்பது ஊரறிந்த சேதி. எனக்கு அதற்கு மேல் 25,000 என்று ராதா கேட்டதாகச் சினிமாக்காரர்கள் சொல்வார்கள். நாடகம் கெடக்கூடாது, ஷூட்டிங் எல்லாம் ராத்திரியில்தான் என்பதும் நிபந்தனை. மேடையில் வாயைத் திறந்தால் போலீஸ் குறிப்பெடுத்த ஆள், சென்சார் முத்திரையோடு ஊர் ஊராகக் கொட்டகையில் பேசினார்.

படத்தைப் பற்றி ஒரு சொந்தக் குறை உண்டு. கர்மவினையை மேடைதோறும் கிழித்த பகுத்தறிவுவாதி, சீமை ரிட்டர்ன் மோகனசுந்தரம் செய்த பாவத்துக்குக் கூலியாகத் தொழுநோயைத்தான் கொடுக்கிறார். கிருமி செய்த வேலையைக் கடவுள் கணக்கில் எழுதாமல் கதாசிரியர் கணக்கில் எழுதியதுதான் வித்தியாசம். ஆனால் எம்.என்.ராஜத்தின் காந்தா அந்த ஆளை எட்டி உதைக்கும்போது, படியில் உருண்டு விழுந்தும் அவருடைய நக்கல் மட்டும் உருளாமல் நிற்கும். அதைப் பார்த்தால் குறையெல்லாம் மறந்துபோகிறது. குஷ்டரோகிக்கு டைமிங் இருக்கலாம் என்று அதற்கு முன் யாரும் நினைத்ததில்லை.

1963-ல் பெரியார், சென்னை பெரியார் திடலில் ராதா பெயரில் மன்றமே எழுப்பினார். நடிகர்களைக் கண்டாலே ஆகாத பெரியார், ஒரு நடிகருக்கு மண்டபம் கட்டினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் பெரியவருக்காக ராமாவரம் தோட்டத்துக் கணக்கையும் முடித்துவிடலாம். 1967 ஜனவரி 12, சாயங்காலம். தயாரிப்பாளர் வாசுவோடு ராதா தோட்டத்துக்குப் போகிறார். குண்டு எம்.ஜி.ஆர் கழுத்தில் தங்கியது. ராதாவுக்கும் குண்டடி. தான் முதலில் சுடவில்லை என்று ராதா சொன்னதைக் கோர்ட் ஏற்கவில்லை. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் ஏழு வருடம் போட்டது, உச்ச நீதிமன்றம் அதை ஐந்தாகக் குறைத்தது. கழுத்துக் கட்டோடு இருந்த படத்தைப் போஸ்டராக ஒட்டியே எம்.ஜி.ஆர் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். வில்லன் செய்வதெல்லாம் கதாநாயகனுக்கே லாபமாக முடியும் என்ற தமிழ் சினிமா விதி ஸ்டுடியோவுக்கு வெளியிலும் செல்லும் போலிருக்கிறது. 1971-ல் ராதா வெளியே வந்தார். வந்ததும் மறுபடி நாடகம்தான்.

1979-ல் திருச்சியில் காலமானார். அவருக்காகப் பிறந்த சட்டத்துக்கு அப்போது இருபத்தைந்து வயது, நல்ல திடகாத்திரம். பிடிக்க வேண்டிய ஆள் போய்விட்டார், சட்டத்துக்கு என்ன வேலை? சென்னையில் யார் நாடகம் போட்டாலும் வசனத்தைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 'பரீக்‌ஷா' நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளும்வரை இதுதான் நிலவரம். ராதாவைப் பிடிக்க வந்த காவல்துறை, அவர் போனபின் முப்பத்து மூன்று வருடத்துக்கு மேல், சபா நாடகத்து மாமியார் ஜோக்குகளை ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தது.