வடக்கு தெரியாத தகப்பன்

இன்ஜினியரிங் கவுன்சிலிங் சமயத்தில் தகப்பனுக்கு இரண்டே வேலை. பணம் கட்டுவது, தலையாட்டுவது. இரண்டிலும் எனக்கு நல்ல பெயர் உண்டு. அதனால் மகள், "அப்பா, கிண்டியில ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ்தான் முதல் சாய்ஸ்" என்றபோது உடனே தலையாட்டிவிட்டேன். அது என்ன படிப்பென்று கேட்கும் தைரியம் வரவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மச்சானுக்கு அந்தத் தைரியம் இருந்தது. "ஜியாக்ரபியா? பாப்பா டீச்சராகப் போகுதா? மாமா, நம்ம குடும்பமே தோலை நம்பித்தானே பிழைக்குது, லெதர் டெக்னாலஜி எடுக்கச் சொல்லுங்க."

"மாமா, கிண்டி காலேஜே 1794-ல் சர்வே ஸ்கூலாகத்தான் ஆரம்பிச்சது" என்றாள் மகள். 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைலைச் சங்கிலியால் அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கினாராம். இன்று அதே வேலைக்குச் செயற்கைக்கோள், டிரோன், புள்ளியியல், கோடிங். கிணறு, ஓடை, ரோடு, டேனரி என்று ஒவ்வொன்றையும் தனி அடுக்காகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பார்களாம். பாலாற்றோரம் எந்தக் கிணறு கெட்டது, அதற்கு எவ்வளவு தூரத்தில் டேனரி என்பதெல்லாம் அப்போது தெரியும். தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்ன ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு எது என்று கேட்டாள். மச்சான் டீயைக் குடித்தார்.

எனக்கோ மேப் என்றாலே உள்ளூரக் கலக்கம். காவலூர் மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நட்சத்திரங்களைத் துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடிவாரத்தில் இருக்கும் நான் எங்கள் காணியின் எஃப்.எம்.பி. வரைபடத்தைக் கையில் வாங்கினால், சர்வேயர் மரியாதையாக அதைத் திருப்பிக் கொடுப்பார், நேராகப் பிடிப்பதற்கு. எங்கள் வீட்டு முகவரி 'பழைய ரேஷன் கடை எதிரில்'. கடை வேறு தெருவுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. மாவட்டம் 2019-ல் திருப்பத்தூர் ஆகிவிட்டது. நான் இன்னும் வேலூர் என்றே எழுதுகிறேன். கூரியர் பையன் என் மகளுக்குத்தான் போன் செய்வான். அவள் லொகேஷன் அனுப்புவாள். வீட்டில் ஒருவராவது இதை முறையாகப் படிக்க வேண்டிய அவசியம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

பெற்றோர்களே, இது மேப்புக்குக் கலர் அடிக்கும் படிப்பு அல்ல. கணக்கும் கோடிங்கும் பிடிக்காத பிள்ளைக்கு நாலு வருஷமும் தண்டனை. முதலில் பாடத்திட்டத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். மச்சானைக் கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.