சம்பந்தம் பேசியதில் வந்த 528 எம்பி

பழைய பிசியில் பயாஸ் பெண்வீட்டார், ஐடிஇ வட்டு மாப்பிள்ளை வீட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு தரப்பும் தாராள மனசுக்காரர்கள்தான். பயாஸ் 1,024 சிலிண்டர், 256 ஹெட், 63 செக்டார் வரை எண்ணும், 8.4 ஜிபி. ஐடிஇ 65,536 சிலிண்டர், 16 ஹெட், 255 செக்டார் வரை, 137 ஜிபி. ஆனால் பந்தலில் உட்கார்ந்து பேசியபோது, ஒவ்வொன்றிலும் எது குறைச்சலோ அதற்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்: 1,024, 16, 63. செக்டாருக்கு 512 பைட் வீதம் பெருக்கினால் 528 எம்பி! 1990-களின் நடுவில் அப்படிப்பட்ட பிசியில் 1 ஜிபி வட்டை மாட்டியவருக்குப் பாதிதான் கண்ணில் பட்டது. மீதிப் பாதி உள்ளேயே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

பரிகாரம்? பொய். சிலிண்டரைப் பாதியாக்கி, 16 ஹெட்டை 32 என்று பயாஸ் கூசாமல் சொன்னது. (அந்த 16-ம் பொய்தான், வட்டைத் திறந்தால் நாலோ ஆறோ இருக்கும்.) இந்தப் புளுகும் 8.4 ஜிபியில் மூச்சு வாங்கியது. அடுத்த வேலி 137 ஜிபி. 2002-இல் 48 பிட் முகவரி தரமானது; அதன் எல்லை 144 பெட்டாபைட். இப்போதைக்குப் போதுமாம்.