கொழுந்துப் பச்சை கெட்ட வரலாறு: நோர்வூட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மஸ்கெலியாவுக்கு, மற்றது பொகவந்தலாவைக்கு. வரைபடத்தில் இல்லாத மூன்றாவது பாதை ஒன்றும் உண்டு. அது கமராவில் தொடங்கி, ஸ்டூடியோக் கணினியில் நின்று, இணையத்துக்குப் போகிறது. முதல் இரண்டு பாதைகளிலும் லொறி ஏறும் கொழுந்து பச்சையாகவே போய்ச் சேர்கிறது. மூன்றாவதில் ஏறிய பச்சை மட்டும் இறங்கும்போது மஞ்சள் பாய்ந்திருக்கிறது. அது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் நோய்க்குறி. கலியாணச் சோடியைத் தேயிலைக்குள் நிறுத்திப் படம் எடுக்காத ஸ்டூடியோக்காரர் இந்தப் பக்கத்தில் அரிது. கணினியில் பார்த்தால் எல்லாம் கண்ணைப் பறிக்கும். முகநூலில் ஏற்றிய பிறகு மாப்பிள்ளையிடமிருந்து போன் வரும்: “என்னாண்ணே, மலையெல்லாம் கவ்வாத்து வெட்டுன மாதிரி கெடக்கு?” அதற்கு வழக்கமான பதில், “ஒங்க போன்லதான் கோளாறு தம்பி.” இதைக் கருதுகோள் 1 என்க. சோதிப்பது எளிது. ஸ்டூடியோக்காரரின் சொந்தப் போனில் அதே படத்தைத் திறந்தால் கருதுகோள் அந்த இடத்திலேயே விழும்.

துறை முன்னோடிகளையும் வணங்க வேண்டும். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் படக்கலைஞராகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், பாடப் புத்தகங்களில் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று வருவதில் பின்பாதிக்கு உரியவர். ஜூலியா 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் அடக்கம். அவர் கையாண்ட ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. எந்த மலையைப் பிடித்தாலும் கறுப்பாகவே விழும். போன் போட்டுக் கேட்க ஆளில்லை. கொடுத்துவைத்த காலம்.

நிறம் வந்த பிறகுதான் வினை வந்தது. எச்பியும் மைக்ரோசொஃப்டும் 1996இல் எஸ்ஆர்ஜிபி என்னும் நிறவெளியை முன்மொழிந்தன; 1999இல் அது சர்வதேசத் தரமாயிற்று. அன்றைய பெட்டித் திரைகள் எவ்வளவு காட்டுமோ அவ்வளவே அதன் எல்லை: கண்ணுக்குப் புலப்படும் நிறங்களில் ஏறத்தாழ 35 வீதம். இடையில் 1998இல் அடோபி நிறுவனம் போட்டோஷொப் 5இல் இன்னொரு வெளியைப் புகுத்தியது. ஒரு தொலைக்காட்சித் தர ஆவணத்திலிருந்து எண்களைப் பெயர்த்தெழுதும்போது தவறான எண்கள் நுழைந்துவிட்டன. பிழை தெரிவதற்குள் அச்சுத்துறையாருக்கு அது பிடித்துப்போயிற்று. எண்களைத் திருத்துவதற்குப் பதில் பெயரைத் திருத்தி ‘அடோபி ஆர்ஜிபி (1998)’ என்றார்கள். ஏடெழுதியவரின் கைப்பிழையைப் பாடபேதம் என்று போற்றிப் பழகிய தமிழர்க்கு இதில் வியப்பில்லை.

இரண்டு வெளிகளிலும் முதன்மைச் சிவப்பு ஒன்றே. நீலமும் ஒன்றே. வேறுபடுவது பச்சை மட்டும். கடற்கரையில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் இதைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம். கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சையே கிடக்கும் நோர்வூட்டில் அது நடவாது.

கமராவுக்குள் இரண்டு தெரிவும் இருக்கும். பெரியதுதான் நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டுப் பலர் பெரிய வெளியான அடோபியைத் தட்டிவிடுகிறார்கள். எஸ்ஆர்ஜிபியின் உச்சப் பச்சை 0, 255, 0. அதே பச்சையை அடோபி வெளியில் எழுதினால் 144, 255, 60. ‘இவை அடோபி எண்கள்’ என்ற நிறக் குறிப்பு கோப்போடு போனால் உலாவி சரியாகப் பெயர்த்துக்கொள்ளும். குறிப்பு வழியில் விழுந்துவிட்டால், எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு அந்த 144 பங்கு சிவப்பை அப்படியே பச்சைக்குள் ஊற்றும். இரண்டும் கலந்தால் மஞ்சள். உச்சச் சிவப்பான 255ஓ அங்கே 219 என்று எழுதப்பட்டிருக்கும். ஆகவே கூறைச் சேலையும் கருக்கும்.

குறிஞ்சி தன் இயல்பு திரிந்தால் பாலை என்பது மரபு. ஆனால் பாலைக்கென்று தொல்காப்பியர் நிலம் ஒதுக்கவில்லை. அந்நிலம் நிறக் குறிப்பு நீங்கிய ஜேபெக் கோப்பே என்பது இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு.

குறிப்பை விழுத்துவது யார்? ஏற்றுமதி செய்யும்போது அதைச் சேர்க்கும் தெரிவை அணைத்து வைத்தவராக இருக்கலாம். எடை குறைக்கப் படத்தை உரித்தெடுக்கும் இணையத்தளமாகவும் இருக்கலாம். வழக்கமான எஸ்ஆர்ஜிபி குறிப்பின் எடை 3144 பைட். இதை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு மலையை இழக்கிறோம்.

இவ்விடத்தில் இரு பள்ளிகள் மோதுகின்றன. ‘அசைன்’ பள்ளியார் எண்வாதிகள்: எண்ணைத் தொடாமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றுவார்கள், நிறம் எப்படிப் போனாலும் கவலையில்லை. ‘கன்வேர்ட்’ பள்ளியார் நிறவாதிகள்: நிறம் நிலைக்க எண்ணை மாற்றுவார்கள். போட்டோஷொப் பட்டியலில் இரண்டு கட்டளைகளும் அடுத்தடுத்து இருப்பதால் நிறவாதியாகப் பிறந்தவர் விரல் வழுக்கி எண்வாதியாக மாறுவது அன்றாடம் நடக்கிறது.

பெரிய வெளி மீதான ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சான்று உண்டு. கொடக் வகுத்த ப்ரோபோட்டோ வெளியில் ஏறத்தாழ 13 வீதம் மனிதக் கண் காணவே முடியாத நிறங்கள். 2019இல் கௌரவ் அகர்வால் என்ற படக்கலைஞர் அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஓர் ஏரியைப் படம்பிடித்து, லைட்ரூமில் திருத்தி, அந்த வெளியிலேயே இணையத்தில் இட்டார். அடுத்த ஆண்டு அதை முகப்புப் படமாக வைத்த ஆண்ட்ரொயிட் 10 போன்கள் பல திறப்பதும் அணைவதுமாகத் தவித்தன. வெளிச்சத்தை அளக்கும் நிரல் 255க்கு மேல் எதையும் எதிர்பார்க்கவில்லை. அப்படத்தின் ஒரு புள்ளி 256 என்று வந்து நின்றது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பிடிப்போர் கவனிக்க.

பரிகாரம் சிறியது. மூலக் கோப்பு எந்த வெளியிலும் இருக்கட்டும். இணையத்துக்கான பிரதியை எஸ்ஆர்ஜிபிக்குக் கன்வேர்ட் செய்து, குறிப்பைக் கோப்புக்குள் பதித்து, 8 பிட் ஜேபெக்காக அனுப்பினால் போதும். பிறகு குறிப்பு விழுந்தாலும் நட்டமில்லை. குறிப்பற்ற படத்தை எஸ்ஆர்ஜிபி என்று கொள்வதே உலாவிகளின் வழக்கம். ‘விவிட்’ நிலையில் கிடக்கும் சாம்சங் திரையையும், இரவில் மஞ்சளிக்கும் கண்காப்பு வசதியையும் எந்த ஏற்றுமதியும் திருத்தாது.

இதற்குள் புதிய வெளி ஒன்று வந்துவிட்டது. 2016இல் ஐபோன் 7, டிஸ்ப்ளே பி3 நிறங்களைப் பிடிக்கவும் காட்டவும் தொடங்கியது. 2017இல் ஆண்ட்ரொயிட் 8 அகன்ற நிறவெளிக்குக் கதவைத் திறந்தது. அதே 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் பேசியபோது கூட்டத்தில் தூக்கிப் பிடித்த போன்களில் மிகப் பல எஸ்ஆர்ஜிபியோடு நிறைவாக வாழ்ந்தவை. அப்படங்களில் தகராறு குறைவு. பி3இல் நீலம் மட்டுமே பழைய இடத்தில் நிற்கிறது. பச்சையோடு சிவப்பும் இடம் மாறிவிட்டது. ஆகவே இவ்வாய்வின் இரண்டாம் தொகுதி முழுக்கக் கூறைச் சேலைக்கு ஒதுக்கப்படுகிறது.