கெடாத பெட்டி: ஹிஞ்சேவாடி ரவுட்டர்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

புனேயின் மேற்கே, ஹிஞ்சேவாடியில், ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க் இருக்கிறது. இன்ஃபோசிஸ், விப்ரோ, டிசிஎஸ் வளாகங்கள் கொண்ட அந்தப் பூங்காவில், எங்கோ இருக்கும் வாடிக்கையாளரின் மென்பொருள் எந்த இடத்தில் திணறுகிறது என்று கண்டுபிடிப்பது பலருக்குப் பிழைப்பு. அவர்களே மெகாபோலிஸ், புளூ ரிட்ஜ் போன்ற குடியிருப்புகளிலுள்ள வீட்டுக்குத் திரும்பியதும், செருப்பு அலமாரியின் மேல் உட்கார்ந்திருக்கும் பழைய ரவுட்டரைச் சந்தேகிப்பதில்லை. இது ஏன் என்பதே இவ்வாய்வின் வினா. முடிபை முதலிலேயே சொல்லிவிடலாம்: பழைய ரவுட்டரின் குற்றம், அது கெட்டுத் தொலைவதில்லை என்பதே. கெட்டதை மாற்றுவோம், தடுப்பதை மாற்ற மாட்டோம். பச்சை விளக்கு மினுக்கும்வரை அது நிரபராதி.

முதற்சான்று, 94 என்னும் எண். 300 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டம் வாங்கியவர், லேப்டாப்பைப் பழைய ரவுட்டரில் கேபிளால் செருகி அளந்தால், வேகம் 94, 95-லேயே நின்றுவிடும். டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் போன்ற பெட்டிகளின் அட்டையில் வைஃபை வேகம் 300 என்றிருக்கும்; முதுகிலுள்ள துளைகளோ 1995-இல் வகுக்கப்பட்ட 100 எம்பிபிஎஸ் தரத்தவை. அந்த நூறிலும், கம்பியில் போகும் ஒவ்வொரு 1,538 பைட்டுக்கும் 1,460-தான் சரக்கு. மீதி முகவரியும் இடைவெளியும். மாலை நெரிசலில் ஹிஞ்சேவாடியின் சிவாஜி சௌக் சந்திப்பில் நிற்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: சாலை எத்தனை அகலமானாலும் கணக்கை முடிப்பது சந்திப்புதான்.

துளை கிகாபிட்டாக இருந்தால் தீருமா? தீராது. 1 ஜிபிபிஎஸ் வேகத்தில், முழு அளவுப் பாக்கெட்டுகளே நொடிக்கு ஏறத்தாழ 81,000 வரும். ஒவ்வொன்றின் முகவரியையும் ரவுட்டர் மாற்றி எழுத வேண்டும். இதற்கெனத் தனிச் சுற்று இல்லாத பெட்டியில் பிராசஸரே எல்லாம் சுமக்கும். சுற்று இருக்கும் பல மாடல்களிலும், எந்தப் பாக்கெட்டுக்கு முன்னுரிமை என்று வகுக்கும் கியூஓஎஸ் வசதியைப் போட்டால் அந்தச் சுற்று ஒதுங்கிக்கொள்ளும். கேபிளை விட்டு வைஃபைக்குப் போனால் காற்றிலும் நெரிசல்தான்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடி முழுவதும் அவற்றைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது.

'கம்பெனிக்காரன் குறைத்துக் கொடுக்கிறான்' என்பார் உளர். அற்றன்று, என்னை? அதே லேப்டாப்பை ஃபைபர் பெட்டியில் நேராகச் செருகினால் 300 வருமெனில், அவன்மேல் பழியில்லை. 'பாஸ்வேர்டு டிவி முதல் மாமியார் செல்போன் வரை பதிந்திருக்கிறதே' என்பது அடுத்த தடை. புதிய பெட்டிக்கும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிட்டால், ஆள் மாறியது டிவிக்குத் தெரியாது. வலுவான மறுப்பு மூன்றாவது: வீடியோ மீட்டிங்குக்கு நாலைந்து எம்பிபிஎஸ் போதும், 94 தாராளம். இதை மறுக்க இயலாது. ஆனால் இதை ஒப்புக்கொண்டால் வேறொரு வினா எழும். 94 போதுமெனில் 300-க்குப் பணம் கட்டுவானேன்? போதாதெனில் அந்தப் பெட்டியை வைத்திருப்பானேன்? திட்டத்தைக் குறைப்பது ஒரு வழி, பெட்டியை மாற்றுவது மறு வழி. இரண்டும் செய்யாதவர் மாதாமாதம் 206 எம்பிபிஎஸ்ஸைத் தர்மம் செய்கிறார். பெற்றுக்கொண்டவர் யாரென்று ரசீதில் இல்லை.