டவுன்லோட்ஸ் என்னும் பொதுச்சொத்து

சாமராஜநகருக்கு வந்துபோன முதலமைச்சரின் நாற்காலி நிலைக்காது என்பது கர்நாடக அரசியலில் பழைய நம்பிக்கை. பல முதல்வர்கள் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சித்தராமையா பலமுறை வந்தார். 2013 முதல் 2018 வரை முழு ஐந்தாண்டும் ஆண்டார். ஆனால் இங்குள்ள ஒரு நூலகத்தின் கணினிப் பிரிவில் அந்த நம்பிக்கை இன்றும் மெய். தண்ணீர் குடிக்க எழுந்தால் நாற்காலி போச்சு. திறந்து வைத்த மின்னஞ்சலும் அடுத்து உட்கார்ந்தவருக்கே.

நான் தாளவாடிக்காரன். மருந்து, சந்தை, பிரிண்ட் அவுட் எல்லாவற்றுக்கும் சாமராஜநகர்தான். சொந்த மாவட்டத் தலைநகரான ஈரோட்டுக்குப் போவதென்றால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் வயிறு எண்ண வேண்டும்.

அந்த நூலகக் கணினியின் தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் போதும், ஊர் மனசு வரிசையாகக் கீழே விழும்: மூலத்துக்கு நாட்டு மருந்து, போலீஸ் தேர்வு முடிவு, விவாகரத்துக்கு எவ்வளவு செலவு. பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு அதுவும் தேவைப்படவில்லை. நேராக என் திரையையே படித்துக்கொண்டிருந்தவர், "ஸ்வல்ப கெளகெ மாடி, சார்" என்றார். கொஞ்சம் கீழே நகர்த்தினேன். வயதுக்கு மரியாதை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, அப்போதே வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அதற்கு முன் வந்த 2011ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகளோ, தடுப்பு நாலரை அடிக்கு மேல் கூடாது, தடுப்பில்லாத கணினியின் திரை எல்லோரும் பார்க்கும் பக்கம் இருக்க வேண்டும் என்கின்றன. பெரியவர் இந்த விதியைத்தான் படித்திருக்கிறார் போல. இதே மாவட்டத்துக் கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன், தன் இருப்பிடத்தைப் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். அவர் கணினிப் பக்கம் வராமல், செய்தி அனுப்பக் கேசட்டோடு நிறுத்திக்கொண்டவர்.

டவுன்லோட்ஸைத் திறந்தால் ஆதார் பிடிஎஃப்கள். பூட்டு உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு பிறந்த வருடம். இரண்டும் தெரியாத எதிர்வீட்டுக்காரர் நம் நாட்டில் உண்டா? 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது: பொதுக் கணினியில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் அடியோடு அழியுங்கள். அதே அறிக்கையில், ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்ற வரியால் பரபரப்பு கிளம்பி, 29ஆம் தேதி அரசு முழு அறிக்கையையும் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை சுத்தமாக அழிந்தது. பிடிஎஃப்கள் அப்படியே இருக்கின்றன.

அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் துடைத்துவிடும் மென்பொருள் இருக்கிறதே என்று பொறுப்பாளரிடம் சொன்னேன்.

"துடைச்சுட்டா? போன மாசம் சாதிச் சான்றிதழை இதுல வச்சுட்டுப் போனவங்க வந்து கேட்டா, நான் என்ன சார் சொல்றது?"

அதற்குள் ஓர் அம்மா உள்ளே வந்தார். "மகளோட மார்க் ஷீட் இன்னும் இருக்குங்களா?"

இருந்தது. மூன்று பிரதிகள்.