சர்வரை அப்டேட் செய்யாமல் காலம் தள்ளுவது எப்படி?

உபுண்டு ஏப்ரல், அக்டோபர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை வெளிவருகிறது. 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2004-இல் தொடங்கிய இந்த வழக்கத்தில், 2006 ஏப்ரலில் வர வேண்டியது மட்டும் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அவர்கள் தேதி தவறாவிட்டால் என்ன, நாம் தவறலாம். வழிமுறைகள்:

1. இரட்டைப்படை வருஷ ஏப்ரலில் வரும் எல்.டி.எஸ். பதிப்புக்கு ஐந்து வருஷம் பேட்ச் உண்டு. அதைத் தொடாதீர்கள். ஒன்பதே மாத ஆயுள் உள்ள இடைப் பதிப்பைப் போட்டு, சம்பளக் கணக்கை அதில் ஏற்றுங்கள்.

2. ஆயுள் முடிந்த சில காலத்தில் அதன் பேக்கேஜ்கள் பழைய கிடங்குக்குப் போய்விடும். ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்தால் வரிசையாக 404 வரும். “நெட் சரியில்லை சார்” என்று சொல்லிவிடுங்கள்.

3. முன்பிருந்தவர் எல்.டி.எஸ். போட்டு வைத்திருக்கிறாரா? கவலை வேண்டாம். அடுத்த எல்.டி.எஸ். வந்ததும், “டாட் ஒன் வரட்டும்” என்று சொல்லுங்கள். நியாயமான பேச்சு, உபுண்டுவே அதுவரை பழைய எல்.டி.எஸ்.காரர்களை மேலே அழைப்பதில்லை. டாட் ஒன் வந்ததும் “பொங்கல் போகட்டும்”, பிறகு “ஆடிட் முடியட்டும்”. அதற்குள் இன்னொரு எல்.டி.எஸ். வந்துவிடும். “நேராக அதற்கே போய்விடலாம்” என்று அறிவியுங்கள். 18.04-இலிருந்து 22.04-க்கு ஒரே தாவலில் போக முடியாது, நடுவில் 20.04-இல் இறங்கித்தான் ஏற வேண்டும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

4. சர்வர் ஆயிரம் நாளாக அணையாமல் ஓடுவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுங்கள். புதுக் கெர்னலை இறக்கி வைத்தாலும் ரீஸ்டார்ட் செய்யாதவரை ஓடுவது பழசுதான் என்று குரூப்பில் யாருக்கும் தோன்றாது.

5. பணம் கட்டினால் உபுண்டு ப்ரோவில் பத்து வருஷம் வரை பேட்ச் கிடைக்கும். மேனேஜரிடம் கேளுங்கள். “லினக்ஸ் இலவசம்னுதானே சொன்னீங்க?” என்பார். பொறுப்பு அவர் தலைக்குப் போய்விட்டது. நிம்மதியாக டீ குடிக்கப் போங்கள்.

6. ஒருநாள் “ஏம்ப்பா, திடீர்னு சப்போர்ட் நிறுத்திட்டாங்களாமே?” என்று கேட்பார். “ஆமா சார், அநியாயம்” என்று நீங்களும் கொதியுங்கள். 20.04-க்கு 2025 வரைதான் என்று 2020-லேயே சொல்லிவிட்டார்கள். அதை அவர் தேடிப் பார்க்கப் போவதில்லை, நீங்களும் பார்க்கவில்லையே.